தேடுபொறி: தெரிந்து தெளிதல்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

விழாக் குழுவினர் எனக்கு அளித்த பொருள், இணையத்தில் செய்தி தேடும் பொறிகளை மதிப்பிட்டுத் தேர்ந்தெடுப்பது பற்றியது. கவியரங்கமும் பாட்டரங்கமும் நிறைந்த இவ்விழாவில் இப்பொருள் சற்றே வறண்டதாகத் தோன்றலாம். ஆயினும், இதே மேடையில் நான் செய்த ஒரு பிழையிலிருந்து தொடங்குவேனாயின், இது நம் வீட்டுச் செய்தியே என்பது விளங்கும்.

ஐந்தாண்டுகளுக்கு முன்பு நம் வட்டத்தின் திங்கட் கூட்டத்தில் நீர்நிலைகளைப் பற்றி உரையாற்றினேன். அவ்வுரையின் முடிவில் நான்கு வரிக் கவிதை ஒன்றைப் புகழ்பெற்ற கவிஞர் ஒருவரின் பெயரைச் சொல்லி எடுத்துரைத்தேன். கைதட்டலும் பெற்றேன். கூட்டம் கலைந்தபின், நம் மூத்த உறுப்பினர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "தம்பி, அந்தக் கவிதை அவருடையது அன்று; என் ஆசிரியருடையது" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. "ஐயா, தேடுபொறியில் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன், முப்பதுக்கும் மேற்பட்ட பக்கங்களில் அவர் பெயர்தான் இருக்கிறது" என்றேன். அவர் மறுமொழி கூறவில்லை. அடுத்த திங்கள், தையல் பிரிந்த பழைய சிற்றிதழ் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். அதில் அந்தக் கவிதை இருந்தது. அடியில் அவருடைய ஆசிரியரின் பெயர் இருந்தது.

அந்த ஆசிரியர் தம் வாழ்நாளில் நூலாக எதனையும் வெளியிடாதவர். அச்சேறிய அவருடைய கவிதைகள் மொத்தம் பதினொன்று. அவற்றுள் ஒன்றைப் பறித்து, ஏற்கெனவே நிறைந்த செல்வம் உடைய ஒருவருக்கு நான் எழுதிக் கொடுத்திருந்தேன். உள்நோக்கம் ஏதுமின்றிச் செய்ததுதான். எனினும் இழந்தவருக்கு இழப்பு இழப்பே அன்றோ?

வீட்டுக்குச் சென்று அந்த முப்பது பக்கங்களையும் மீண்டும் பார்த்தேன். எல்லாவற்றிலும் மூன்றாம் வரியில் ஒரே எழுத்துப்பிழை இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவை முப்பது சான்றுகள் அல்ல. ஒரே சான்றின் முப்பது படிகள். ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்த நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். 1887 இல் சீவக சிந்தாமணியையும், 1892 இல் சிலப்பதிகாரத்தையும், 1894 இல் புறநானூற்றையும் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று சுவடிகளைத் தேடியது, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாடவேறுபாடு காண்பதற்கே. ஒரே பிழையைச் சுமந்து வரும் சுவடிகள் ஒரே தாய்ச்சுவடியிலிருந்து பிறந்தவை என்பது பதிப்பியலின் பாலபாடம். அப்பாடத்தை நான் சுவடிக்கு உரியது என்று மட்டும் எண்ணியிருந்தேன்.

தேடுபொறி எதைத் தேடுகிறது?

நாம் ஒரு சொல்லை இட்டவுடன் தேடுபொறி உலகெங்கும் ஓடிச்சென்று தேடி வருகிறது என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. முன்னதாகவே வலைப்பக்கங்களைச் சென்று திரட்டி, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் உள்ளது என்று அது அட்டவணை எழுதி வைத்துள்ளது. நம் சங்க நூல்களுக்கு அறிஞர்கள் தொகுத்த சொல்லடைவுகளை நீங்கள் அறிவீர்கள். தேடுபொறியின் அட்டவணையும் ஒரு மாபெரும் சொல்லடைவே. ஆகவே அடைவில் ஏறாத பக்கம் அதற்கு இல்லாத பக்கமாகும். திரட்டுதல், அடைவு செய்தல், வரிசைப்படுத்துதல் என்னும் மூன்று தொழில்களே தேடுபொறியின் தொழில்கள். ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடும்போது இம்மூன்றையும் தனித்தனியே நோக்க வேண்டும்.

இதன் வரலாறு நெடியதன்று. 1990 இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் உருவான ஆர்ச்சி, கோப்புகளின் பெயர்களை மட்டுமே தேடித் தந்தது. 1994 இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் இருவர் தொடங்கிய யாஹூ, மனிதர்கள் பார்த்துப் பார்த்துத் துறைவாரியாகப் பகுத்த பட்டியலாக இருந்தது. நூலகத்து அட்டைப்பெட்டியைப் போன்றது எனலாம். அப்பட்டியல் 2014 ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பட்டது. 1995 டிசம்பரில் வந்த ஆல்டாவிஸ்டா, பக்கங்களின் முழு உரையையும் விரைந்து தேடித் தந்து பெரும்புகழ் பெற்றது. அதுவும் 2013 இல் மறைந்தது. 1998 இல் தொடங்கிய கூகுள், ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன, சுட்டும் பக்கங்கள் எத்தகைய மதிப்புடையன என்பதைக் கணக்கிட்டு வரிசைப்படுத்தியது. இன்று வரிசையை முடிவு செய்யும் காரணங்கள் பலவாகப் பெருகிவிட்டன. எனினும், பலர் சுட்டுவது முன்னே வரும் என்னும் அடிப்படை நின்று நிலவுகிறது.

கவிஞர் பெருமக்கள் இவ்விடத்தைக் கருத வேண்டும். பலர் சுட்டுவதும் மெய்யாக இருப்பதும் ஒன்றல்ல. புகழ்பெற்றவரின் பெயரோடு ஒட்டிய வரி மேலும் மேலும் படியெடுக்கப்படும். படியெடுக்கப்படுவதனால் முன்வரிசைக்கு வரும். முன்வரிசைக்கு வருவதனால் மீண்டும் படியெடுக்கப்படும். பதினொரு கவிதை எழுதி மறைந்த ஆசிரியர் இச்சுழலில் எங்ஙனம் நிற்பார்?

பொருள் யார் தருகிறார்?

தேடுபொறியை நாம் காசு கொடுத்து வாங்குவதில்லை. அங்ஙனமாயின் அதற்குப் பொருள் தருவோர் விளம்பரம் செய்வோரே. கூகுளை நிறுவிய லாரி பேஜ், செர்கே பிரின் ஆகிய இருவரும் 1998 இல் எழுதிய தம் ஆய்வுக் கட்டுரையில், விளம்பரத்தை நம்பி நடக்கும் தேடுபொறி இயல்பாகவே விளம்பரதாரர் பக்கம் சாயும் என்னும் கருத்தைத் தாமே கூறியிருந்தனர். 2000 ஆம் ஆண்டில் அவர்களது நிறுவனமே அவ்வழியில் இறங்கியது.

நாம் தேர்ந்தெடுத்ததாக எண்ணும் பொறியையும் பெரும்பாலும் நாம் தேர்ந்தெடுக்கவில்லை. கைப்பேசி வாங்கும்போதே அதனுள் அமர்ந்து வருவது எதுவோ அதுவே நம் பொறியாகிறது. அந்த இருக்கைக்காகக் கூகுள் நிறுவனம் 2021 ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 2,630 கோடி டாலர் பிற நிறுவனங்களுக்கு அளித்தது என்பது அமெரிக்க நீதிமன்ற வழக்கில் வெளிவந்தது. அவ்வழக்கில் 2024 ஆகஸ்டு 5 ஆம் நாள் வாஷிங்டன் நீதிமன்றம், அந்நிறுவனம் சட்டத்துக்கு மாறாகத் தன் தனியுரிமையைக் காத்துக்கொண்டது எனத் தீர்ப்பளித்தது. மனிதர் மாற்றிக்கொள்ள மாட்டார் என்னும் உறுதியின் விலை அது.

மாற்றிக்கொள்ள விழைவோரும் ஒன்றை அறிதல் வேண்டும். கடை வேறாக இருந்தாலும் கிடங்கு ஒன்றாக இருக்கக்கூடும். மைக்ரோசாஃப்டு நிறுவனத்தின் பிங் தனக்கென அடைவு உடையது. யாஹூவின் தேடல் பிங்கின் அடைவைச் சார்ந்தது. தேடுவோரைப் பின்தொடர்வதில்லை என்று உறுதி கூறும் டக்டக்கோவும் பெரும்பான்மை முடிவுகளைப் பிங்கிடமிருந்தே பெறுகிறது. ஸ்டார்ட்பேஜ், கூகுளின் முடிவுகளைத் தேடுவோர் பெயரை மறைத்துப் பெற்றுத் தருவது. 2021 இல் வந்த பிரேவ் தேடலும், இங்கிலாந்தின் மோஜீக்கும் சொந்த அடைவு உடையவை. ஆகவே யாஹூவில் தேடி, டக்டக்கோவிலும் தேடி, இரண்டும் ஒத்தன என்று மகிழ்வது, முன்னே நான் முப்பது பக்கங்களைக் கண்டு மகிழ்ந்ததைப் போன்றதே. ஒப்புநோக்க விழைவோர் அடைவு வேறுபட்ட இரண்டினை ஒப்புநோக்க வேண்டும்.

தமிழுக்குரிய இடர்கள்

ஆங்கிலத்துக்கு ஏற்ற பொறி தமிழுக்கும் ஏற்றதாக இருக்கும் என்பதற்கில்லை. ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். 'ஆறு' என்று இட்டால் நதியும் வரும், எண்ணும் வரும், வழியும் வரும். நமக்கு வேண்டியது நதியாயின், 'ஆற்றில்', 'ஆற்றை', 'ஆற்றங்கரை' என்னும் வடிவங்களில் உள்ள பக்கங்களும் வந்தாக வேண்டும். பெரிய பொறிகள் இவ்வடிவங்களை ஓரளவு இணைத்துப் பார்க்கின்றன. ஆயினும் எல்லாச் சொற்களுக்கும் ஒரே சீராக அல்ல.

செய்யுளில் இடர் இன்னும் மிகும். ஒரே பாடல் சீர் பிரித்து ஓரிடத்திலும், சந்தி பிரித்து மற்றோரிடத்திலும் ஏற்றப்பட்டிருக்கும். 'பொற்குடம்' என்று தேடுவோர்க்குப் 'பொன் குடம்' என்று பிரித்து ஏற்றிய பாடல் கிடைக்காமற் போகலாம். ஆதலின் செய்யுள் தேடுவோர், புணர்ச்சியில் மாறாத ஒரு சொல்லைத் தேர்ந்து தேடுதல் நலம்.

எழுத்திலும் பொறி ஏமாறும் இடங்கள் உள. ஔவையார் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஔ' என்னும் ஓர் உயிரெழுத்தை இடாமல், 'ஒ' வையும் 'ள' வையும் அடுத்தடுத்துத் தட்டச்சு செய்தவர் பலர். கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. இதற்கு மேலும் ஒன்று உண்டு. சங்கப் பாடல் பாடிய ஔவையாரும் ஆத்திசூடி பாடிய ஔவையாரும் வேறு வேறு காலத்தவர் என்பது அறிஞர் கொள்கை. பொறியோ இருவரையும் ஒருவராக்கி ஒரே பட்டியலில் நிறுத்தும். எழுத்தால் ஒருவரை இருவராக்கும். பெயரால் இருவரை ஒருவராக்கும்.

பழைய அச்சு நூல்களை ஒளிவருடி இணையத்தில் ஏற்றும்போது, எழுத்துணரும் மென்பொருள் அவற்றை உரையாக மாற்றுகிறது. 1978 இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும்முன் அச்சான நூல்களில் ணை, லை, றா, னா முதலிய எழுத்துகள் பழைய வடிவில் இருக்கும். மென்பொருள் அவ்விடங்களில் இடறுவதுண்டு. நூல் இணையத்தில் இருக்கும். நாம் தேடும் சொல்லும் நூலில் இருக்கும். ஆயினும் தேடலில் அகப்படாது.

எல்லாவற்றினும் பெரிய இடர் எழுத்துருக் குறியேற்றம் பற்றியது. கணினித் தமிழின் தொடக்க நாள்களில் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டு முறையைக் கொண்டிருந்தது. 1999 இல் சென்னையில் நிகழ்ந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி அரசு 'டாம்', 'டாப்' என்னும் முறைகளை அறிவித்தது. 2010 இல் ஒருங்குறியை ஏற்றது. ஆயினும் நம் ஊர் அச்சகங்கள் பலவற்றில் பழைய எழுத்துருக்களே இன்றும் வழங்குகின்றன. அவற்றில் கோத்த பக்கம் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். தேடுபொறிக்கோ பொருளற்ற உரோமன் எழுத்துக் குவியலாகத் தெரியும்.

மதிப்பிடும் முறை

இவ்வளவும் அறிந்தபின், பொறியை எங்ஙனம் மதிப்பிடுவது? 1960 களில் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் நூலகராக இருந்த சிரில் கிளெவர்டன் இதற்கு வழி வகுத்தார். வானூர்தியியல் சார்ந்த 1,400 கட்டுரைகளைத் திரட்டி, எந்த வினாவுக்கு எந்தக் கட்டுரைகள் விடையாகும் என்பதை முன்னரே வரையறுத்துக்கொண்டு, பின்னரே தேடும் முறைகளைச் சோதித்தார். கொண்டுவந்தவற்றுள் வேண்டியவை எத்தனை என்பது ஓர் அளவை. இருக்கும் வேண்டியவற்றுள் கொண்டுவந்தவை எத்தனை என்பது மற்றோர் அளவை. முன்னதைத் துல்லியம் என்றும் பின்னதை முழுமை என்றும் கூறலாம். துல்லியம் நம் கண்முன் தெரியும். முழுமையோ விடை முன்னரே தெரிந்தவர்க்கு மட்டுமே தெரியும்.

ஆதலின், விடை அறிந்த வினாக்களைக் கொண்டே பொறியைச் சோதிக்க வேண்டும் என்பது என் முதல் பரிந்துரை. நான் கையாளும் சோதனைகள் நான்கு. முதலாவது, நூலைக் கையில் வைத்துக்கொண்டு, அதிலுள்ள அதிகம் அறியப்படாத ஓர் அடியை மேற்கோள் குறிகளுக்குள் இட்டுத் தேடுவேன். நூலின் பெயரோடு வருகிறதா என்று பார்ப்பேன். இரண்டாவது, அதே அடியிலுள்ள ஒரு பெயர்ச்சொல்லை வேற்றுமை உருபு மாற்றி இட்டுப் பார்ப்பேன். மூன்றாவது, ஔவையார் போன்ற பெயரை இரு வகையாகவும் எழுதித் தேடி, இரு பட்டியல்களையும் ஒப்பிடுவேன். நான்காவது சோதனையே தலையாயது. நானே புனைந்த, எங்கும் அச்சேறாத ஓர் அடியை இட்டு, "இதைப் பாடியவர் யார்?" என்று கேட்பேன். "இல்லை" என்று சொல்லத் தெரிந்த பொறியே நம்பத்தக்க பொறி.

இந்நான்காம் சோதனை அண்மைக் காலத்தில் மிகவும் இன்றியமையாததாகிவிட்டது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின், பக்கங்களின் பட்டியலைத் தருவதற்கு மாறாக, விடையையே கோவையாக எழுதித் தரும் வழக்கம் பரவியது. 2024 முதல் கூகுளும் தன் பட்டியலின் மேல் இத்தகைய தொகுப்புரையை வைக்கத் தொடங்கியது. இவை இல்லாததையும் இருப்பதைப் போலக் கூறுவதுண்டு. 2023 இல் நியூயார்க்கில் வழக்கறிஞர் இருவர், இத்தகைய பொறி புனைந்து தந்த, நடவாத வழக்குகளின் தீர்ப்புகளை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்டி 5,000 டாலர் தண்டம் செலுத்த நேர்ந்தது. நீதிமன்றத்திலாவது எதிர்த்தரப்பு உண்டு, சரிபார்ப்பார்கள். மறைந்த கவிஞனின் வரியை வேறொருவருக்கு எழுதிவைத்தால் எதிர்த்தரப்பில் நிற்பவர் யார்? அன்று நம் மூத்த உறுப்பினர் கூட்டத்துக்கு வாராதிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' என்பது ஐம்பத்தோராம் அதிகாரம். ஆராயாமல் நம்புவதும், ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுவதும் ஆகிய இரண்டுமே துன்பம் தரும் என்பது அவ்வதிகாரத்தின் கருத்து. ஆட்களைத் தேர்வதற்குச் சொன்ன அறிவுரை பொறிகளுக்கும் பொருந்தும். தேடுபொறியே வேண்டா என்று நான் கூறவில்லை. எதற்கு எந்தப் பொறி என்று அறிந்து கொள்க என்றே கூறுகிறேன்.

பொதுச் செய்திக்குப் பொதுப் பொறி போதும். சொற்பொருள் வேண்டுமாயின், சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் மின்னகராதித் தளத்தில் நேரே தேடலாம். பழந்தமிழ் நூலின் பாடம் வேண்டுமாயின், 1998 பொங்கல் நாளில் தொடங்கித் தன்னார்வலர் உழைப்பால் வளர்ந்த மதுரைத் திட்டத்தை நாடலாம். பழைய அச்சுநூலின் பக்கத்தையே காண வேண்டுமாயின் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் உண்டு. ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் 2005 முதல் இயங்கும் நூலகம் தளம் உண்டு. இவற்றிலும் அகப்படாத சிற்றிதழுக்கு, சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் படிகளில் ஏற வேண்டும். அல்லது நம்மிடையே உள்ள பெரியவர் ஒருவரின் பரணைத் திறக்க வேண்டும்.

நம் கடமை

இறுதியாக ஒன்று. தேடுபொறியைக் குறை கூறுவது எளிது. ஆனால் நாம் வைக்காததை அது எங்ஙனம் எடுத்துத் தரும்? பத்தாண்டுகளில் நம் வட்டம் ஆண்டுதோறும் ஒரு கவிதைத் தொகுப்பு வெளியிட்டுள்ளது. அவை அனைத்தும் பழைய எழுத்துருவில் கோத்தவை. அவற்றுள் ஒரு வரியையேனும் எந்தப் பொறியாலும் இன்று கண்டெடுக்க இயலாது என்பதைச் சென்ற வாரம் சோதித்தே உணர்ந்தேன். இங்கே அமர்ந்திருக்கும் கவிஞர் பலர் இணையத்தைப் பொறுத்தவரை இன்னும் எழுதாதவர்களே.

ஆகவே செயற்குழுவின்முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். இம்மலரையும் முந்தைய தொகுப்புகளையும் ஒருங்குறிக்கு மாற்றி, ஆசிரியர்களின் இசைவு பெற்றுப் பொது மின்னூலகம் ஒன்றில் ஏற்றுவோம். ஒவ்வொரு கவிதையின் அடியிலும் கவிஞர் பெயர், முதலில் வெளிவந்த இதழ், ஆண்டு ஆகிய மூன்றையும் எழுத்தாகவே பொறிப்போம். கவிதையைப் படமாக அனுப்பும் வழக்கத்தைக் கைவிடுவோம். படத்திலிருந்து பெயரை வெட்டி எறிவது எளிது.

அந்தப் பதினொரு கவிதைகளையும், மூத்த உறுப்பினர் ஒருபுறம் வாசிக்க, நான் மறுபுறம் தட்டச்சு செய்து, இதழின் பக்கப் படத்தோடு சென்ற ஆண்டு இணையத்தில் ஏற்றினோம். இவ்வுரைக்காக அந்த நான்கு வரிகளை மூன்று பொறிகளில் மீண்டும் தேடிப் பார்த்தேன். ஒன்றில் ஆசிரியர் பெயர் நான்காம் இடத்தில் வருகிறது. மற்ற இரண்டில் இன்னும் அந்தப் பிழையான பெயரே முதலிடத்தில் நிற்கிறது. பணி முடியவில்லை. நண்பர்கள் ஒவ்வொருவரும் அப்பிழையான பக்கத்தைக் காணுமிடத்தில் திருத்தம் ஒன்றை எழுதுவீர்களாயின், அதுவே இப்பத்தாம் ஆண்டு விழாவில் நாம் அவருக்குச் செலுத்தும் அஞ்சலியாகும்.